எல்லைக்கல்லுக்கு அப்பாலிருந்து வந்த தண்ணீர்

மழை பெய்யும்போது ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஓவர்சியரை நான் நம்புவதில்லை. வடிகால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் ஒரு ஊர் தன்னைப் பற்றிப் பாதிதான் காட்டும். மீதியை மழையில் காட்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். நகரசபைக் கூட்டத்தில், முழங்கால் வரை சேறு அப்பிய வேட்டியோடு நின்று, "நான் போட்ட பிளான் தப்பு" என்று சொல்ல வேண்டிவந்த நாளில் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற பக்கம் ஒரு சின்ன நகரசபையில் ஓவர்சியராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், தறி போடுகிறார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நிலமட்டம் அளக்கிற லெவல் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் ஊரே என்னைப் பார்ப்பதாக நினைப்பு.

அந்த ஊரின் கடைவீதி ஐப்பசி பிறந்தால் குளமாகிவிடும். மளிகைக் கடைகளில் மூட்டைகளைப் பலகை போட்டு ஏற்றி வைப்பார்கள். வடிகால் கட்டு, வடிகால் கட்டு என்று கடைக்காரர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்கள். கடைவீதி மெம்பர் இரும்புக்கடை வைத்திருந்தார். கனத்த குரல். அவர் பேச ஆரம்பித்தால் மற்ற மெம்பர்கள் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். கடைசியில் சேர்மன் என்னைக் கூப்பிட்டு, "ஒரு பிளான் போடுப்பா" என்றார்.

பங்குனி வெயிலில் அளந்தேன். கடைவீதியிலிருந்து தெற்கே, நெசவாளர் தெரு வழியாக, ஊருக்கு வெளியே ஓடுகிற ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நேர்வடிகால். ஓடை அப்போது காய்ந்து கிடந்தது, அதற்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நகரசபை எல்லைக்கல் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றது. என் படமும் அந்தக் கல்லோடு முடிந்தது. ஓடையை ஓரத்தில் ஒரு நீலக் கோடாகக் காட்டி, அம்புக்குறி போட்டுவிட்டேன். கோடு நேராக இருந்தது, சரிவு தாராளமாக இருந்தது. எங்கள் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

எதிர்ப்பு நெசவாளர் தெருவிலிருந்து வந்தது. சின்னாளபட்டியிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவர்கள். வீட்டுக்கு வீடு குழித்தறி. தெருவே அவர்களுக்குப் பட்டறை. காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட்டு ஆற்றுவார்கள். நடுத்தெருவில் திறந்த வடிகால் வந்தால் பாவை எங்கே விரிப்பது? கைநாட்டும் கையெழுத்துமாக ஒரு மனுக் கொடுத்தார்கள். இரண்டு கூட்டங்கள் அந்த மனுவிலேயே முடிந்தன. கடைவீதி மெம்பர், "ஒரு தெருவுக்காக ஊரே முங்கணுமா?" என்று கேட்டார். நெசவாளர் தெரு மெம்பர் சாதுவான மனிதர். "எங்க பொழப்பு தெருவுலதான இருக்கு" என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். சேர்மன் அரிசி ஆலைக்காரர், எதையும் இழுத்தடிப்பது அவருக்குப் பிடிக்காது. என்னைப் பார்த்து, "தம்பி, நீயே போயி அந்தத் தெருவுல வெளக்கிச் சொல்லிட்டு வா" என்றார்.

போனேன். படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பாடம் நடத்தப் போகிற வாத்தியார் மாதிரி போனேன். இருபது பேர் கூடினார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு சௌடம்மாள் என்று ஒரு பெண் பேசினார். நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்த பிறகு தறியைத் தானே இயக்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர்.

"இந்தத் தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு போட்டிருக்கீங்க?"

"கடைவீதியிலருந்தும்மா. அங்க தேங்குற தண்ணியத்தான் இப்படிக் கொண்டுபோறோம்."

"கடைவீதி மண்ணு கருப்புங்கய்யா. எங்க வீட்டுக்குள்ள வார தண்ணி செவப்பா வருது."

"மழைத்தண்ணி எல்லாம் கலங்கித்தாம்மா வரும்."

அவர் எழுந்தார். பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனார். போனவர் திரும்பி, "செத்த வந்து பாருங்க" என்றார். தறிக்குழிக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கோடு ஒன்று இருந்தது. கீழே அதற்கு முந்தைய வருடத்துக் கோடு. இரண்டும் கொல்லைப்புறச் சுவரில்தான் இருந்தன, தெருப்பக்கச் சுவரில் அடியில் மட்டும் லேசான கறை.

நான் பார்த்தேன். பார்த்தும் நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. என் தவறு அளவெடுத்ததில் ஆரம்பித்தது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எல்லாருக்கும் அளவில் பிசகு வரும். ஒருவர் தன் வீட்டுச் சுவரையே சாட்சியாகக் காட்டும்போது பென்சிலை எடுக்காமல் நின்றேனே, அதுதான் தவறு. உங்கள் பிளானுக்கு ஒத்துவராத விஷயம் ஒன்று கண்ணில் பட்டால், வேறு எதை எழுதாவிட்டாலும் அதை எழுதுங்கள்.

புரட்டாசியில் ஒரு நாள் பிற்பகல் நான்கு மணிக்கு ஓட்டெடுப்புக் கூட்டம். கடைவீதி மெம்பர் ஆட்களைச் சேர்த்துவிட்டார், தீர்மானம் நிறைவேறும் என்று எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேற்கே கரட்டுக் குன்றுகள் பக்கம் வானம் கருத்து இடித்தது. ஊருக்குள் நாலு தூறல் போட்டதோடு சரி, கடைவீதிப் புழுதிகூட அடங்கவில்லை. நான் ஆபீசில் கூட்டத்துக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் சௌடம்மாள் வந்து நின்றார். ஓடி வந்த மூச்சிரைப்பு.

"ஓவர்சியரய்யா, கடைவீதியில மழையே இல்லைல்ல?"

"இல்லம்மா. ஏன்?"

"எங்க கொல்லையில தண்ணி வருது. வந்து பாருங்க."

இன்னும் இரண்டு மணி நேரத்தில் கூட்டம். வேலை பாக்கி இருந்தது. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நாளைக்குத் தண்ணீர் இருக்காது என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சைக்கிளை எடுத்தேன்.

கொல்லையில் செங்காவி நிறத்தில் தண்ணீர் அரை அடி ஆழத்துக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. தெருப்பக்கம் காய்ந்திருந்தது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு எதிராக நடந்தேன். கொல்லைகளைத் தாண்டி, முள்வேலியைத் தாண்டி, எல்லைக்கல்லையும் தாண்டினேன். பங்குனியில் நான் ஒரு அடிகூட எடுத்து வைக்காத இடம். வத்தலக்குண்டு ரோடு அங்கே ஓடையைக் கடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ரோட்டை உயர்த்தியிருந்தார்கள். ரோட்டுக்கு அடியில் ஓடைத் தண்ணீர் போக இரண்டு பெரிய குழாய்கள் பதித்திருந்தார்கள். இரண்டின் வாயிலும் மண்ணும் மழையில் அடித்து வந்த கருவேல முள்ளும் சேர்ந்து அடைத்துக் கிடந்தன. கரட்டிலிருந்து வந்த தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டின் மேற்குப் பக்கம் ஏரி மாதிரி தேங்கி, வடக்கே திரும்பி, மெதுவாக ஊருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் நெசவாளர் கொல்லை, பிறகு தெரு, கடைசியில் கடைவீதி. கடைவீதித் தண்ணீர் வெளியே போக முடியாமல் தேங்கியதற்குக் காரணமே இதுதான்.

என் வடிகாலின் கடைமுனை எங்கே போய் முடிகிறது என்று நின்று பார்த்தேன். நேராக அந்த ஏரிக்குள் போய் முடிந்தது. அதைக் கட்டியிருந்தால், தேங்கின தண்ணீர் அந்த வழியாகவே நடுக்கடைவீதிக்கு ஏறி வந்திருக்கும். வடிகால் என்று பெயர் போட்டு, ஓடையை ஊருக்குள் கூட்டி வரும் வாய்க்காலை வரைந்து வைத்திருந்தேன்.

கூட்டத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நகரசபைத் தாழ்வாரத்தில் இன்ஜினியரைப் பிடித்தேன். அதிகம் பேசாத மனிதர் அவர். ஐம்பது தாண்டியவர், இடது காது கொஞ்சம் மந்தம்.

"சார், பிளான் தப்பு சார்."

என் வேட்டியைப் பார்த்தார். "கேள்விப்பட்டதா, பாத்ததா?"

"பாத்தேன் சார். ரோடு வரைக்கும் நடந்து பாத்துட்டு வாரேன்."

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நானே, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த யோசனையையும் சொன்னேன். "சார், படத்துல சின்னத் திருத்தம் இருக்குன்னு சொல்லி ஒரு மாசம் தள்ளி வச்சுரலாமா? அதுக்குள்ள புதுசாப் போட்டுரலாம். யாருக்கும் தெரியாது."

"தள்ளி வைக்கலாம்" என்றார். "காரணத்த நீதான் சொல்லணும். நீ எதச் சொன்னாலும் நான் பக்கத்துல நிப்பேன்."

இவ்வளவுதான் சொன்னார். உண்மையைச் சொல் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும், பழியில் பாதியை அவர் மேல் போட்டிருப்பேன். அவர் அந்த வசதியைத் தரவில்லை. தாழ்வாரத்திலிருந்து கூட்ட அறைக்கு இருபது அடி. அந்த இருபது அடியில் நான் யோசித்தது ஒன்றுதான். சின்னத் திருத்தம் என்று சொன்னால், நெசவாளர் தெருக்காரர்கள் இன்னும் ஒரு மாதம் ஊரைக் கெடுக்கிறவர்களாகவே இருப்பார்கள். அந்த அம்மாள் ஓடி வந்து கூப்பிட்டதற்கு அர்த்தமே இருக்காது.

தீர்மானம் படிக்கப்படுவதற்கு முன் எழுந்து நின்றேன். "இந்தப் பிளானை ஓட்டுக்கு விட வேண்டாங்க. தப்பான பிளான். அளந்ததுல நான் தப்புப் பண்ணிட்டேன்."

கடைவீதி மெம்பர்தான் முதலில் பேசினார்.

"ஆறு மாசமா அளந்தீரு. இன்னிக்கி ஓட்டுன்னதும் தப்புங்கிறீரு. நெசவாளர் தெருவுல என்ன குடுத்தாக?"

எனக்குக் காது சூடேறியது. அதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் சண்டைதான் நடந்திருக்கும். சேர்மன் முந்திக்கொண்டு, "பிளான்ல கையெழுத்து யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடது" என்றார் இன்ஜினியர், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அவரு அளந்தாரு. எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேக்க வேண்டியது நான். கேக்கல."

நான் நடந்து பார்த்ததை வரிசையாகச் சொன்னேன். என்ன தோன்றியது என்பதை விட்டுவிட்டு, எங்கே நின்றேன், எதைக் கண்டேன் என்பதை மட்டும் சொன்னேன். சேர்மன் ஜன்னலைப் பார்த்தார்.

"தண்ணி இன்னம் நிக்கிதா?"

"நிக்கிதுங்க. இருட்டுறதுக்குள்ள வடிஞ்சுரும்."

"அப்ப எந்திரிங்க எல்லாரும். போயி பாத்துட்டு வந்து பேசுவோம்."

ஒரு நகரசபை முழுவதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து போனதை நான் அன்று பார்த்தேன். கடைவீதி மெம்பர் வர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர், பாதி தூரத்தில் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டார். ரோட்டின் மேல் ஏறி நின்றதும் மேற்குப் பக்கம் செக்கச்செவேல் என்று தண்ணீர், கிழக்குப் பக்கம் காய்ந்த ஓடை. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கடைவீதி மெம்பர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியா நம்ம கடைக்குள்ள வருது?" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

கூட்டத்தில் தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று உங்களில் சிலர் பயப்படுவீர்கள். போகும். ஒரு வாரத்துக்கு டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் "சரி" என்று சொன்னதை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ரோடு எங்களுடையது இல்லை, அதன் குழாய்களில் கை வைக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிற துறைக்கு எழுதினோம். பதில் வருவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது.

இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிந்ததும் சைக்கிளில் கிளம்பினேன். ரோட்டுக்குப் போகும் முன் அதற்குக் கிழக்கே, ஓடை போய்ச் சேரும் கண்மாய்க்குப் போனேன். போன தடவை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விட்டவன் நான். இந்தத் தடவை அது எங்கே போகப் போகிறது என்று முதலில் பார்த்துவிட நினைத்தேன். கண்மாய் கழுத்தளவு நிறைந்திருந்தது. உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கரையில் ஒரு இடத்தில் மண் ஊறி, காலை வைத்தால் அமுங்கியது. கரைக்குக் கீழே நெல் வயலும், வயலை ஒட்டிப் பத்துப் பதினைந்து குடிசைகளும்.

நான் ரோட்டுக்கு வந்தபோது அங்கே நூறு பேர் கூடியிருந்தார்கள். மேற்குப் பக்கம் தண்ணீர் ரோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நெசவாளர் தெருவில் தறிக்குழிகளில் நீர் ஊற ஆரம்பித்துவிட்டது என்றார்கள். இன்ஜினியர் மதுரைக்குப் போயிருந்தார், சேர்மன் கடைவீதியில் மூட்டைகளை நகர்த்த ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். கடைவீதி மெம்பர் கடப்பாரையோடு எட்டுப் பேரைக் கூட்டி வந்து நின்றார்.

"ஓவர்சியரு, ரோட்ட வெட்டு. நான் உத்தரவு தாரேன்."

கூட்டமும் வெட்டு, வெட்டு என்றது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. வெட்டினால் பத்து நிமிடத்தில் ஊர்ப்பக்கம் தண்ணீர் இறங்கிவிடும்.

"வெட்டுனா மொத்தமா கம்மாயில போயி விழும். கரை ஊறிப் போயிக் கெடக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாரேன். கீழ குடிசையில பிள்ளைகுட்டி இருக்கு."

"இங்க இருக்கறதும் பிள்ளைகுட்டிதான்" என்றார் ஒருவர்.

"குழாயத் தெறந்தா கொஞ்சங் கொஞ்சமாப் போகும். அம்புட்டத்தான் கலிங்கு தாங்கும். எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. முடியலைன்னா குடிசைக்காரங்கள மேட்டுல ஏத்திட்டு, மொதக் கடப்பாரைய நானே போடுறேன்."

கடைவீதி மெம்பர் என்னை முறைத்தார். பிறகு தன் ஆட்களிடம், "கடப்பாரையக் கீழ வைங்கடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் முன்பு பேசியதையெல்லாம் அப்போதே மறந்தேன்.

எங்கள் மேஸ்திரி நன்றாக நீந்துவார். "நான் முங்கி முள்ளப் புடுங்கிருவேன் சார்" என்று துண்டை அவிழ்த்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அடைப்பு விடுபடும் நேரத்தில் வாயருகே இருக்கிற ஆளையும் குழாய் இழுத்துக்கொள்ளும். ஒரு துணிச்சல்காரன் முன்வந்தால் அவசரத்தில் அவனை அனுமதிப்பது மிக எளிது. அந்த எளிமைக்கு இடம் கொடுத்துவிடாதீர்கள்.

"அப்பறம் என்னதான் செய்யச் சொல்றீங்க? மேல நின்னு இழுக்கக் கொக்கி வேணுமே" என்றார் மேஸ்திரி.

கூட்டத்தில் நின்ற சௌடம்மாள் கேட்டார். "பாதாளக் கரண்டி போதுமா?"

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொக்கிக் கொத்து. கிணறுள்ள வீட்டிலெல்லாம் இருக்கும். போதுமா என்ன, அதைவிடத் தோதான கருவி அன்று உலகத்தில் வேறு இல்லை. பெண்கள் ஓடினார்கள். ஒன்பது பாதாளக் கரண்டிகளும் கிணற்றுக் கயிறுகளும் வந்து சேர்ந்தன. கரண்டி எடுக்க வீட்டுக்கு ஓடும் முன் சௌடம்மாள் என்னிடம் கேட்டிருந்தார்.

"எம்புட்டு நேரத்துல தண்ணி எறங்கும்?"

"ஒரு மணி நேரம்மா."

ரோட்டின் மேலே நின்று கரண்டிகளை வீசினோம். முள்ளில் மாட்டியதும் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தோம். ஒரு புதர் வரும், அடுத்ததற்கு வீசுவோம். கடைவீதி ஆட்களும் நெசவாளர்களும் ஒரே கயிற்றில் நின்றார்கள், யார் யாரென்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. கிழக்குப் பக்கத்திலிருந்து மேஸ்திரி நீண்ட மூங்கிலைக் குழாய்க்குள் விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. டிரைவரும் பயணிகளும் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. முதல் குழாயில் கசிவு மட்டும்தான். கடைவீதி மெம்பர் என்னைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், மறுபடியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முக்கால் மணி நேரம் போன பிறகு, வேரோடு ஒரு பெரிய மரக்கிளை வந்தது. அதன் பின்னால் குழாய் உறுமியது. கிழக்குப் பக்கம் சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. மேஸ்திரி மூங்கிலைப் போட்டுவிட்டுக் கரையேறி ஓடினார். சிறிது நேரத்தில் இரண்டாவது குழாயும் திறந்தது.

மேற்கே தண்ணீர் விரல் விரலாக இறங்கியது. நான் கண்மாய்க்கு ஓடினேன். கலிங்கில் சத்தம் கூடியிருந்தது, கரை நின்றது. பிற்பகல் வரை அங்கேயே இருந்து, ஊறிய இடத்தில் மண்மூட்டை அடுக்கச் செய்துவிட்டுத்தான் நெசவாளர் தெருவுக்குப் போனேன்.

ஆறு தறிகள் மூழ்கியிருந்தன. மற்ற வீடுகளில் பாவைச் சுருட்டி உத்தரத்தில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். சௌடம்மாளின் தறிக்குழி நிறைந்திருந்தது. கல்யாணச் சேலைக்குப் பூட்டிய பாவு செம்மண்ணில் ஊறிக் கிடந்தது. அவர் அதைப் பிழிந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவரே பேசினார். கோபமாக இல்லை. "அடுத்த தடவ ரெண்டு மணி நேரம்னு சொல்லுங்கய்யா. நீங்க ஒண்ணுன்னு சொல்லவும், குழி நெறையாதுன்னு நெனச்சு நான் பாவ அவுக்காம வந்துட்டேன். ரெண்டுன்னு சொல்லியிருந்தா அவுத்துக் கட்டிட்டு வந்திருப்பேன்."

முப்பது வருடச் சேவையில் எனக்கு யார் யாரோ மெமோ கொடுத்திருக்கிறார்கள். இதைப்போல் எதுவும் என் மனதில் பதிந்ததில்லை. ஒரு மணி நேரம் என்று நான் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டத்தை அமைதிப்படுத்த, அவர்கள் தாங்கக்கூடிய அளவைச் சொன்னேன். ரோட்டை வெட்டாதது சரியான முடிவு, இன்றைக்கும் அதையே செய்வேன். ஆனால் ஆபத்தில் இருக்கிறவர்கள் உங்கள் வாயிலிருந்து வரும் நேரத்தை வைத்துத்தான் எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறார்கள். அவர்கள் கேட்க விரும்புகிற நேரத்தைச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாது, கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள்.

மார்கழியில் புதிய பிளானைக் கூட்டத்தில் வைத்தேன். இந்த முறை படம் கரட்டில் ஆரம்பித்துக் கண்மாய்க் கலிங்கில் முடிந்தது. ரோட்டுக்கு அடியில் குழாய்களை எடுத்துவிட்டு அகலமான பாலம் ஒன்று கட்டக் கேட்டோம். நெசவாளர் கொல்லைக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கரை. கடைவீதிக்கு ரோட்டோரமாக மூடிய சின்ன வடிகால். நெசவாளர் தெருவில் ஒரு கல்கூடப் பதிக்க வேண்டியதில்லை. கடைவீதி மெம்பர் முன்மொழிந்தார். நெசவாளர் தெரு மெம்பர் வழிமொழிந்தார். சேர்மன், "எதிர்ப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த விஷயத்துக்குப் போனார். வேலை முடிய ஒன்றரை வருடம் ஆனது. பாலத்துக்காக இன்ஜினியர் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் எத்தனை தடவை நடந்தார் என்பது எனக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்த பிறகு வந்த முதல் ஐப்பசியில் நல்ல மழை. மழை கனத்ததும் ஆபீசைவிட்டுக் கிளம்பினேன். பாலத்துக்கு அடியில் ஓடை முழுதாகப் போய்க்கொண்டிருந்தது. தடுப்புக் கரை காய்ந்திருந்தது. கடைவீதியில் வடிகால் ஓசையுடன் ஓடியது, கடைவீதி மெம்பர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக சௌடம்மாள் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்து, கொல்லைச் சுவரையும் குழியையும் எட்டிப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று கொஞ்சம் அங்கேயே நின்றேன்.

அவர் தறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கிட்டுத் தள்ளி நில்லுங்கய்யா. ஒங்க கொடையிலருந்து சொட்டுது, பாவு நனையுது."

அந்த வீட்டில் அன்றைக்கு வேறு தண்ணீர் இல்லை. நான் குடையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.